முதல் பிஸ்டல், கடைசியாக வாங்க வேண்டிய பொருள்



அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரே மாதத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், பிராக்டிகல் ஷூட்டிங் போட்டியில் சேரலாம் என்று இருக்கிறேன். முதல் பிஸ்டல் எது வாங்கலாம்?" இயற்பியல் நடத்தியதோடு பள்ளியில் என்.சி.சி.யையும் கவனித்துக்கொண்டவன் என்பதாலும், டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மருமகனோடு அந்தப் போட்டிகளைப் பார்க்கப் போகிறவன் என்பதாலும் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்டல்தான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வாங்கும்போதும் விலை உயர்ந்தது வேண்டாம். கைக்குப் பொருந்துகிற, கொஞ்சம் எடையுள்ள, சாதாரண 9 மில்லிமீட்டர் பிஸ்டல் போதும்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பதக்கம் வாங்கினாரே, அது நின்ற இடத்திலேயே நின்று 10 மீட்டர் தூரத்தில் சுடுவது. இது அப்படியல்ல. இடம் மாறி ஓடிக்கொண்டே, தடுப்புகளுக்கு நடுவே தெரியும் அட்டைகளையும் இரும்புத் தகடுகளையும் சுட வேண்டும். வாங்கிய புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்து மதிப்பெண் போடுகிறார்கள். 1976-ல் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் இதற்கான உலக அமைப்பு, ஐ.பி.எஸ்.சி., தொடங்கியது. துல்லியம், வலு, வேகம் மூன்றும் சேர்ந்ததுதான் அதன் குறிக்கோள்.

இப்போது வரிசைக்கு வருவோம்.

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. "சும்மா ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுகிறேன், அவ்வளவுதானே" என்று நினைக்காதீர்கள். கையில் வாங்கினாலே வைத்திருப்பதாகத்தான் அர்த்தம். நான் விசிட்டர் விசாவில் போகிறவன், அதனால் இதுவரை ஒரு பிஸ்டலையும் அங்கே தொட்டதில்லை. நண்பன் சொன்னான் என்று போகாமல், வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பத்து வருட உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடக் கூடாது.

இரண்டாவது, பூட்டுப் பெட்டி. வீட்டில் குழந்தை இருக்கிறதோ இல்லையோ, விருந்தாளியின் குழந்தை வரும். பெட்டிக்குக் காசில்லை என்பவனுக்குத் துப்பாக்கிக்கும் காசில்லை என்பது என் கணக்கு. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் துப்பாக்கி அந்த வீட்டுக்குள் வரவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மூன்றாவது, ஒரு போட்டியை முழுதாகப் போய்ப் பாருங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் போட்டுக்கொண்டு வெறுமனே பாருங்கள். துப்பாக்கியின் முனை பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினாலோ, கீழே விழுந்தாலோ அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. நகரும்போது விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்த ஒருவரை இரண்டாவது சுற்றிலேயே இப்படி நிறுத்தியதைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மீதி நேரம் முழுவதும் மற்றவர்களுக்காக அட்டைகளில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனம் தனக்கு வருமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் பிஸ்டல். இங்கே பள்ளிப் பாடம் போதும், உந்த அழிவின்மை விதி. 8 கிராம் குண்டு நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் உந்தம் 2.56. வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு கிலோ பிஸ்டல் நொடிக்கு 2.56 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். அரைக் கிலோ பிஸ்டல் அதே தோட்டாவுக்கு 5.12 மீட்டர் வேகத்தில் உதைக்கும். சட்டைக்குள் மறைத்து வைப்பதற்கென்று செய்த குட்டிப் பிஸ்டல் கடையில் அழகாக இருக்கும். ஆனால் புதியவன் அதன் உதைக்குப் பயந்து, சுடும் முன்பே கையைக் கீழே அழுத்துவான். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது கஷ்டம். ஆகவே முழு அளவுப் பிஸ்டல்.

தோட்டாவிலும் பெரியது வேண்டாம். போட்டியில் ஒரு குறைந்தபட்ச வலு கேட்கிறார்கள். குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 125 வர வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130 வந்துவிடும். சாதாரண 9 மில்லிமீட்டரே தேறிவிடுகிறது. புதியவர்களுக்கு ஏற்ற புரொடக்‌ஷன் பிரிவில் அதைவிடப் பெரிய தோட்டா சுட்டாலும் ஒரு புள்ளிகூடக் கூடாது. உதையும் செலவும்தான் கூடும்.

பெயரைவிடக் கை முக்கியம். இயல்பாகப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையைத் தொட வேண்டும். எட்டவில்லை என்று பிடியைத் திருப்பினால் அந்தப் பிஸ்டல் உங்களுடையதல்ல. நம் பெண்பிள்ளைகள் இதை அவசியம் பார்க்க வேண்டும். கிளாக் 17 போலப் பலரிடமும் இருக்கிற மாடலாக இருந்தால் மேகசினும் உறையும் எங்கும் கிடைக்கும். நீண்ட சுற்றில் 32 தடவை வரை சுட வேண்டியிருப்பதால் நான்கைந்து மேகசின் வேண்டும். உறை விசையை முழுவதும் மூட வேண்டும்.

பந்தயத்துக்கென்றே செய்த பிஸ்டல்கள் பல ஆயிரம் டாலர். அந்தப் பணத்தைப் பயிற்சியில் போடுங்கள். மாதம் இரண்டு போட்டி, ஒன்றுக்கு நூறு தோட்டா, ஒன்று கால் டாலர் என்று வைத்தாலே வருடத்துக்கு 600 டாலர் ஆகிறது. சாதாரணப் பிஸ்டல் ஒன்றின் விலை அது. தோட்டாவே இல்லாத வெற்றுப் பயிற்சிக்கோ செலவே கிடையாது. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலி என்று இருமுறை சரிபார்த்து, தினம் பத்து நிமிடம் செய்தால் போதும்.

என் தங்கை இதைப் படித்துவிட்டுக் கேட்பாள், "ஏண்ணா, வாத்தியாரா இருந்துக்கிட்டு பிள்ளைங்களுக்குத் துப்பாக்கி வாங்கவா சொல்லித் தர்ற?" இல்லையம்மா. போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். நான் பேசாமல் இருந்தால் கடைக்காரன் பேசுவான். அவன் பேச்சு விற்பதில் தொடங்கும், என் பேச்சு பூட்டில் தொடங்குகிறது. இவ்வளவையும் படித்துவிட்டு "இது எனக்கு வேண்டாம் சார்" என்று ஒருவன் முடிவு செய்தால் அதுவும் எனக்குச் சந்தோஷமே.

சேருகிறவர்கள் மனைவியிடமோ கணவரிடமோ முதலில் பேசுங்கள். அவர்கள் சம்மதிக்காத வீட்டுக்குள் எவ்வளவு நல்ல பிஸ்டலும் வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.