பட்டாவும் ஒரு கல்லறையும்



நம் சேலம் பக்கத்து முள்ளுக்குறிச்சியில் மரவள்ளி போட்டிருக்கும் விவசாயி வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அடியில் மஞ்சள் பையில் சுற்றிய பட்டா ஒன்று இருக்கும். அந்தக் காகிதத்தின் பூர்வீகம் சென்னைக் கோட்டைக்குள் ஒரு தேவாலயத்தில் என்னை நிறுத்தும் என்று போன மாதம் வரை எனக்குத் தெரியாது.

தலைமைச் செயலகத்தில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது. அதே வளாகத்தில் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குள் நுழைந்தேன். கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் தங்களுக்குள் சந்தா வசூலித்துக் கட்டியது. 1678 மார்ச் 25-ல் வேலை தொடங்கி, 1680 அக்டோபர் 28-ல் அர்ப்பணித்தார்கள். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிகன் தேவாலயங்களில் இதுதான் மூத்தது என்கிறார்கள்.

உள்ளே அண்ணாந்து பார்த்தேன். மூன்று கூண்டுவண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதுபோல் வளைவுக் கூரை. வெளிச்சுவர் நாலடி கனம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று நினைத்தே கட்டியிருக்கிறார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர் லாலி வந்து கோட்டையை முற்றுகையிட்டு இரண்டு மாதம் அடித்தபோது, அந்த யோசனை வீண்போகவில்லை.

வெளியே வந்தால் முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள், தளம்போலப் பரப்பியபடி. அடியில் யாரும் இல்லை! இவை இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த இடுகாட்டுக் கற்கள். முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டதால், பிற்பாடு சமாதிகளை இடித்துக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஹைதர் அலி பயம் வந்த 1782-ல், இவற்றில் சிலதைப் பெயர்த்துப் பீரங்கிகளுக்கு மேடை போட்டதும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்து ஒரு பெயரைத் தேடினேன்: எலிசபெத் பேக்கர், 1652. மதராசுக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோன பெண். இந்தியாவிலேயே பழைய ஆங்கிலேயர் கல்வெட்டு இதுதான் என்பார்கள்.

எலிஹு யேலுக்கும் ராபர்ட் கிளைவுக்கும் கல்யாணம் நடந்தது இங்கேதான். ஆனால் என்னை நிற்கவைத்தது உள்ளே அடக்கமாகியிருக்கும் தாமஸ் மன்றோ. தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். 1792-ல் திப்புவிடமிருந்து சேலம், பாராமகால் சீமை கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடுக்கு உதவியாளராக வந்தவர். ஏழு வருஷம் இந்தப் பக்கம் இருந்தார். இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இந்தச் சீமையில்தான் உருவானது. தீர்வைச் சுமையை வைத்து அதைத் திட்டியவர்களும் உண்டு. ஆனாலும் நம் பட்டாவின் வேர் அந்த முறையில் இருக்கிறது. 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்த மன்றோவின் எச்சங்களை 1831-ல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்டடத்தில் நம் ஊர்க் கதை கிடைக்கிறது என்றால், நம் ஊர்க் கட்டடங்களில் எத்தனை இருக்கும்! உங்கள் தெருவின் பழைய கோயிலோ, சாவடியோ, மாதா கோயிலோ, மசூதியோ, எதுவானாலும் அதிலுள்ள கல்லெழுத்தைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். சுண்ணாம்பு அடித்து மறைப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்