சுண்ணாம்பு நம்முடையது, வீடு எவருடையது?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் என்னும் ஊரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நிழலுக்கு ஓர் ஆல். நீருக்கு ஒரு குளம். வெயில் தீய்க்கும் கரிசல் வட்டாரத்தில் மாந்தர் கூடி வாழ எவ்விரண்டு இன்றியமையாதனவோ, அவ்விரண்டையுமே எடுத்துப் பெயராகச் சூட்டினர் நம் முன்னோர். இன்றைக்கு நகரமைப்பு வல்லுநர்கள் தடித்தடி ஏடுகளில் எழுதிக் குவிப்பதை, அவர்கள் ஒரு சொல்லில் அடக்கி ஊர் எல்லையில் நட்டுவிட்டுப் போயினர்.

அவ்வூர் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் கிடந்தது. 1970-இல் அங்கே அரசின் சிமென்ட்டாலை எழுந்தது. 1976-இல் தமிழ்நாடு சிமென்ட்டுக் கழகம் உருவானபின் அக்கழகத்தின் கீழ் வந்தது. (சிமென்ட்டைப் பைஞ்சுதை என நம் அன்பர்கள் வழங்குவர், இனி நாமும் அவ்வாறே வழங்குவோம்.) 1980-களின் தொடக்கத்தில் கல்நார்த் தகடு செய்யும் தொழிலகமும் அங்கேயே அமைந்தது. தனி முதலாளியின் பைக்குப் போகாத ஓர் ஆலை தமிழ்நிலத்தில் எழுந்ததையோ, அதனால் பல குடும்பங்களில் அடுப்பெரிந்ததையோ நாம் குறைகூற வரவில்லை. 'அரசு' என்றும், 2021-இல் 'வலிமை' என்றும் அக்கழகத்தின் பைஞ்சுதைக்குத் தமிழ்ப்பெயர் இட்டதையும் மகிழ்ந்தே வரவேற்கின்றோம். மூட்டைக்குத் தமிழ்ப்பெயர் வந்துவிட்டது. அம்மூட்டையைப் பிரித்துக் கட்டும் வீட்டில் தமிழ் எங்கே? இஃதொன்றே நம் வினா!

சாத்தூரிலும் சிவகாசியிலும் இராசபாளையத்திலும் ஊருக்குப் புறத்தே எழுந்துள்ள புதுக்குடியிருப்புகளுக்குள் நடந்து பாருங்கள். நான்கு புறமும் தனித்து நிற்கும் பெட்டிகள். தலைமேல் மொட்டைக் கற்காரைத் தளம். பகல் முழுதும் கதிரவனின் வெம்மையைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவு முழுதும் படுத்திருப்போர் மேல் அதனைக் கக்குவது அத்தளத்தின் இயல்பு. கற்காரைக்கு வழியற்ற ஏழைக்கோ கல்நார்த் தகடு! அது தேக்கி வைப்பதுமில்லை. மேலே விழுந்த வெம்மையை நண்பகலிலேயே அப்படியே உள்ளே இறக்கிவிடும். அத்தோடு போயிற்றா? கல்நார் எவ்வகையாயினும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்துவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை விலக்கிவிட்டன. இந்திய அரசோ வெண்கல்நாருக்கு இன்னும் கதவு திறந்தே வைத்திருக்கின்றது. பகலெல்லாம் தீப்பெட்டி ஒட்டியும் வெடிக்குழல் சுற்றியும் களைத்துவரும் நம் தாய்மார், இரவில் தெருவிலே பாய்விரித்துப் படுக்கின்றனரே, அதற்குக் கரணியம் காற்றின்மை மட்டுமா? வீடு வீடாக இல்லாமையுமன்றோ!

இவ்வட்டாரத்திலேயே ஒரு கொடிய நகையாட்டு உண்டு. வெடிமருந்துத் தொழிலகத்தின் அறைகளைக் காணுங்கள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இத்தனை தொலைவு இருத்தல் வேண்டும். ஓர் அறைக்குள் இத்தனை பேருக்குமேல் இருத்தலாகாது. கதவுகள் வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும் என்று சட்டம் அளந்து வைத்திருக்கின்றது. அளந்தும் நெரிசல் நிகழ்கின்றது, உயிர்கள் போகின்றன என்பது தனிக்கொடுமை. அதனைத் தனியே எழுதுவோம். ஆனால், அளவேனும் இருக்கின்றது! வெடிமருந்து வெம்மையுறலாகாது என்று கவலைப்பட ஒரு சட்டம் உண்டு; அம்மருந்தைக் கையாளும் மாந்தன் தன் வீட்டில் வெந்து கிடக்கின்றானே என்று கவலைப்பட எந்தச் சட்டமும் இல்லை.

இச்சீர்கேடு எங்கிருந்து வந்தது? 1920-இல் வெள்ளையர் ஆட்சி சென்னை நகரமைப்புச் சட்டத்தைக் கொணர்ந்தது. அதனை நீக்கி 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அதன் வழியே 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. ஆட்சி மாறிற்று; ஆண்டு மாறிற்று; எண்ணும் மொழி மட்டும் மாறவில்லை! இன்றும் அவ்விதிகள் ஆங்கிலத்தில் எண்ணி ஆங்கிலத்தில் வரையப்பெற்றவையே. 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் கண்ட நாட்டில், தன் மனையில் தான் எவ்வாறு வீடு கட்டலாம் என்பதைத் தமிழன் தன் மொழியில் படித்தறியாமல் இடைத்தரகனிடம் கைகட்டி நிற்கின்றான். 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு பிளாட்' என்று சாலையோரப் பலகைகள் பல்லிளிக்கின்றன. நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று அழகிய பெயர் இருக்க, நான்கு ஆங்கில எழுத்தை உருப்போட்டு வைத்திருக்கின்றான் நம்மவன்.

மொழி வேறு, கட்டடம் வேறு என்று சிலர் முணுமுணுப்பர். அவர்கள் இதனைக் கேட்கட்டும். குளிர்நாட்டு நெரிசற் குடில்களில் வெயில் புகவேண்டும், ஈரம் உலரவேண்டும் என்று ஆங்கிலேயர் தம் ஊர்க்கு வகுத்த கருத்து, வீட்டைச் சுற்றி வெற்றிடம் விடுவது. அக்கருத்தே இங்கே, தொடர்கட்டடப் பகுதியெனக் குறித்த பழந்தெருக்கள் நீங்கலாக, சட்டமாயிற்று. விளைவு என்ன? நம் பழந்தெருவில் வீடும் வீடும் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. பக்கச் சுவர்களில் வெயில் படவே வழியில்லை. இன்றோ நான்கு சுவரும் வெயில் காய்கின்றன. இடையில் விட்ட மூன்றடிச் சந்தில் குப்பையும் கழிவுநீரும் தேங்குகின்றன. முன்புறம் இத்தனை மீட்டர் விடுக என்று விதி சொல்லும். அங்கே வழிப்போக்கன் அமர ஒரு திண்ணை வேண்டும் என்று சொல்லாது. பெரிய மனைப்பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு திறந்தவெளி விடுக என்று சொல்லும். அவ்வெளியில் ஓர் ஆலும் ஓர் ஊருணியும் இருத்தல் வேண்டும் என்று சொல்லாது. எங்ஙனம் சொல்லும்? திண்ணை, முற்றம், தாழ்வாரம், நடைவழி, கொல்லை, மன்று, ஊருணி, கண்மாய் ஆகிய சொற்களை அறியாத மொழியிலன்றோ அஃது எண்ணப்பெற்றது!

அச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு கருவி. முற்றத்தின் வழியே சூடேறிய காற்று மேலெழுந்து போகும். தெருவிலிருந்து திண்ணையையும் நடைவழியையும் கடந்து நிழற்காற்று உள்ளே வரும். தாழ்வாரம் சுவரில் வெயில் படாமல் காக்கும். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாய் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்ட பழைய மட்டப்பா வீட்டில், வேனில் நண்பகலில் ஒருநாள் படுத்தெழுந்தவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. கீழடியில் கிடைத்த கூரையோடுகளில் மழைநீர் வழிந்தோட விரலால் இழுத்த பள்ளங்கள் இருக்கின்றனவே! ஆலங்குளத்தை அடுத்த வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழ்ந்து கண்ட மணிகளும் சங்குவளையல்களும், இக்கரிசலில் மக்கள் தொன்றுதொட்டு ஊராய்க் கூடி வாழ்ந்ததற்குச் சான்றன்றோ! எந்திரக் குளிர்ப்பியை நம்பியா அவர்கள் வாழ்ந்தனர்?

அயலார் சொன்னால்தான் ஏற்போம் என்பார்க்கும் விடை உண்டு. 1914-இல் சென்னைக்கு வந்த கெட்டிசு என்னும் காட்லாந்து அறிஞர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களை நடந்து நடந்து கண்டார். நேர்ச்சாலைக்காக வீட்டு வரிசைகளை இடித்துத் தள்ளுவதைக் கண்டித்தார். கொசுவைக் காட்டிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோரை எதிர்த்தார். ஆங்கிலேயராய்ப் பிறந்த இலாரி பேக்கர் கேரளத்தில் குடியேறி, செங்கல்லில் துளைச்சுவர் எழுப்பிக் காற்றை வீட்டுக்குள் அழைத்தார். வந்தவன் கற்றுக்கொண்டான், இருந்தவன் மறந்துபோனான்!

இனி, நேர்மையான ஒரு தடையும் உண்டு. பழைய ஊர் என்றால் அக்கரையாரும் சேரியும் என்று பிரித்து வைத்த ஊரன்றோ, தாழ்த்தப்பட்டவன் திண்ணையில் அமர முடிந்ததா, ஊருணியில் நீர் மொள்ள முடிந்ததா என்று கேட்பார் கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். அவ்விழிவு தமிழினத்தின் மேனியிலுள்ள புண். அதனை நாம் ஒருநாளும் காத்து நிற்கமாட்டோம். நாம் மீட்க விழைவது நிழலை, வேலியையன்று. இரண்டு மூன்று செண்டு மனையே உடைய எட்டுக் குடும்பங்கள், எக்குலத்தாராயினும், சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரே பொதுமுற்றம் வைத்துக்கொள்ள இன்றைய விதிகளில் எளிய வழி வேண்டும். அம்முற்றத்தில் சாதி நுழைய இடம் இராது.

நம் அன்பர்களிடமும் ஒரு சொல். வாயிலில் 'தமிழ்மனை' என்று பளிங்கில் பொறித்துவிட்டு, மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடிச் சுவர் வைத்து, உள்ளே குளிர்ப்பியை ஓடவிட்டுக் கொண்டிருப்போர் நம்முள்ளும் உளர். பெயர்ப்பலகைத் தமிழ் போதாது.

ஆகவே, அரசிடம் நாம் வற்புறுத்துவன இவை. கட்டட விதிகள் தமிழிலேயே எண்ணப்பெற்றுத் தமிழிலேயே வரையப்பெறல் வேண்டும்; மொழிபெயர்ப்புச் சடங்கு வேண்டா. கடற்கரைச் சென்னைக்கும் கரிசற் சாத்தூருக்கும் ஒரே அளவுகோல் ஒழிதல் வேண்டும். ஆலங்குளத்துப் பைஞ்சுதைக் கழகம், தன் மூட்டையோடு தன் சுண்ணாம்புக்கும் மதிப்பளித்து, வெம்மை தாங்கும் தளங்கட்டும் முறைகளைக் கொத்தனார்களுக்குக் கற்பிக்க அவ்வூரிலேயே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்குதல் வேண்டும். கல்நார்க் கூரையிட்ட ஏழை வீடுகளுக்கு அரசின் செலவிலேயே மாற்றுக்கூரை வேண்டும். ஊரவை கூடும் அடுத்த நாளில், அன்பர்கள் தத்தம் ஊரில் எழுந்து நின்று, நம்மூர்க்கு வகுத்த திட்டத்தைத் தமிழில் படித்துக்காட்டுக என்று கேளுங்கள். படிக்க இயலாதென்பாராயின், அம்மறுப்பைத் தீர்மானமாக எழுதி வாங்கி நமக்கு விடுங்கள். அடுத்த இதழில் ஊர்ப்பெயரோடு வெளியிடுவோம்.