கட்டிங் பிளேயர் என்றால் கேலியா?

பள்ளத்தூரில் எலக்ட்ரீஷியன் ஒருவர் கடைக்குப் போய் 'கட்டிங் பிளேயர்' கேட்டால், படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அது பிளேயர் இல்லையாம், பிளையராம்!

அதே பிள்ளைகள் விசேஷ வீட்டில் கவுனி அரிசியை ருசித்துச் சாப்பிடுவார்கள். பசையரிசிக்கு பர்மிய மொழியில் உள்ள பெயர்தான் வாயில் திரிந்து 'கவுனி' ஆனது. மலாய் மொழியில் 'மங்குக்' என்றால் கிண்ணம். அதுவே இங்கே மங்குச் சாமான். கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் கொண்டுவந்த சொற்கள் இவை. ஹரிகேன் விளக்கும் 'அரிக்கேன்' ஆகித்தான் நம் வீடுகளில் எரிந்தது.

முதலாளி வாயில் திரிந்தால் பாரம்பரியம், தொழிலாளி வாயில் திரிந்தால் பிழையா? இது என்ன நியாயம்? கேலிக்குப் பயந்து அவர் பெயரே சொல்லாமல் விரலை நீட்டிக் காட்ட ஆரம்பித்தால், நஷ்டம் தமிழுக்குத்தான்.