உறுமலுக்கு உரிமை கோருவோர்

மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் மீண்டும் உறுமத் தொடங்கிவிட்டார் என்ற செய்தியே ஓபெத் குழுவின் பதினான்காவது இசைத்தொகுப்பைப் பற்றிய முதல் விமர்சனமாகவும் இறுதி விமர்சனமாகவும் ஆகிப்போனது. 2024 நவம்பரில் வெளியான 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' தொகுப்பை முழுமையாகக் கேட்கும் முன்னரே, 'நம் ஓபெத் திரும்பிவிட்டது' என்று கொண்டாடியோர் பலர். அக்கொண்டாட்டத்தில் எங்களுக்கும் பங்கிருந்தது. பலமுறை கேட்டபின், அது வெட்கப்பட வேண்டிய கொண்டாட்டம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அறியாதோருக்காகச் சிறு முன்கதை. ஓபெத், 1990இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்ட குழு. டெத் மெட்டலின் வன்மையையும் எழுபதுகளின் ப்ராக்ரஸிவ் ராக் இசையின் விரிவையும் ஒரே பாடலுக்குள் இணைத்தது. க்ரௌல் எனப்படும் அடித்தொண்டை உறுமலும், அடுத்த கணமே அதே மனிதரிடமிருந்து எழும் கனிந்த பாடற்குரலும் அதன் முகவரி. 'ஸ்டில் லைஃப்' (1999), ஸ்டீவன் வில்சன் தயாரிப்பில் பங்கேற்ற 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆகியவற்றின் வழியே எங்களைப் போன்றோர் அதற்கு அடிமையானோம். 2009இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு அக்குழு வந்தபோது, அந்த இருகுரல் காலம் முடிந்துகொண்டிருப்பதை ரசிகர்கள் அறிந்திருக்கவில்லை. முந்தைய ஆண்டு வெளியான 'வாட்டர்ஷெட்' தொகுப்புக்குப் பின் உறுமல் மறைந்தது. 'ஹெரிடேஜ்' (2011), 'பேல் கம்யூனியன்' (2014), 'சார்சரஸ்' (2016), 'இன் காடா வெனனம்' (2019) ஆகிய நான்கிலும் ஓக்கர்ஃபெல்ட் பாடவே செய்தார்.

அதைத் துரோகம் என்றோம். குரல் போய்விட்டது என்றோம். பழைய பாடல்களை மேடையில் அவர் உறுமலுடனேயே பாடிவந்ததை வசதியாக மறந்தோம். 2003இல் உறுமலே இல்லாமல் வந்த 'டாம்னேஷன்' தொகுப்பை நெஞ்சில் ஏந்தியவர்களும் நாங்களே என்பது இன்னும் வேடிக்கை. ஆக, எங்கள் சிக்கல் உறுமல் அல்ல. எங்கள் இளமையின் இசை எங்கள் இளமையோடு நின்றுவிட வேண்டும் என்ற பிடிவாதம். 'முன்னோக்கிச் செல்வது' என்று பொருள்படும் ஓர் இசைவகையின் ரசிகர்கள், தங்கள் நாயகன் ஓரடிகூட நகரலாகாது என்று பதின்மூன்றாண்டுகள் கூச்சலிட்டிருக்கிறோம்.

இப்போது உறுமல் திரும்பியதும், 'கடைசியில் எங்கள் பேச்சைக் கேட்டார்' என்கிறார்கள். எங்கள் சண்டை இந்த வாசகத்துடன்தான். அதைச் சொல்பவர்கள் தொகுப்பின் கதையைக் கேட்டார்களா என்பதே ஐயம்.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம். செல்வந்தரான ஒரு குடும்பத் தலைவர் இறந்துவிடுகிறார். அவரது உயில் வாசிக்கப்படுகிறது. எட்டில் ஏழு பாடல்களுக்குத் தலைப்பே கிடையாது. சட்ட ஆவணத்தின் பிரிவுக்குறியும் எண்ணும் மட்டுமே. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் உரைப்பகுதிகளை வாசிக்கிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். உறுமல் பெரும்பாலும் அந்த இறந்த தந்தையின் குரலாகவே ஒலிக்கிறது. கல்லறைக்குள்ளிருந்தும் ஆளத் துடிக்கும் அதிகாரத்தின் குரல் அது. தம் இரட்டைப் பிள்ளைகள் தம் இரத்தம் அல்ல என்று அறிவித்து அவர்களை விலக்குகிறது. போலியோவால் பாதிக்கப்பட்ட, அவ்வீட்டிலேயே வளர்ந்த பெண்ணை வாரிசாக்குகிறது.

அதன்பின் வருகிறது எட்டாவது பாடல், 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்'. இதற்கு மட்டும் தலைப்பு உண்டு. உறுமல் இல்லை. மென்மையான அப்பாடலில்தான் உண்மை வெளியாகிறது: அந்தப் பெண்ணும் அவருடைய மகள் அல்ல. ஏழு பாடல்களாக உறுமி நிலைநாட்டப்பட்ட உரிமை முழுவதும் ஒரு மெல்லிய குரலில் உதிர்ந்துபோகிறது.

இதைக் கேட்டபின்னும் உறுமலின் வெற்றி என்று எப்படிச் சொல்வது? இங்கே உறுமல் ஒரு பாத்திரம், பொய்த்துப்போகும் பாத்திரம். அந்த நான்கு தொகுப்புகளில் ஓக்கர்ஃபெல்ட் பாடிப் பழகாதிருந்தால் கடைசிப் பாடலின் அந்தச் சாந்தம் கைகூடியிருக்காது. 'இன் காடா வெனனம்' தொகுப்பின் நாடகத்தன்மை இல்லாமல் இந்த உயில் வாசிப்பும் இல்லை. எவற்றை நாங்கள் வீணான ஆண்டுகள் என்றோமோ, அவற்றின் மீதுதான் இது எழுந்து நிற்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. பல பாடல்கள் மூச்சுவிட இடம் தருவதில்லை. ஓர் இசைக்கரு காதில் பதியுமுன் அடுத்தது வந்து மோதுகிறது. எண்களே தலைப்பாக இருப்பதால் எதில் எது வந்தது என்பது பலமுறை கேட்டும் குழம்புகிறது. 'பிளாக்வாட்டர் பார்க்' தொகுப்பில் ஒரு மெட்டு விரிய அளிக்கப்பட்ட பொறுமை இங்கே அரிது. இவற்றையெல்லாம் விவாதிக்கலாம், விவாதிக்க வேண்டும். ஆனால் 'உறுமல் உண்டு, ஆகவே நன்று' என்பது விமர்சனமே அல்ல. 'உறுமல் இல்லை, ஆகவே தீது' என்று முன்பு சொன்னதன் மறுபக்கம் அது.

அந்த மாளிகையில் உயிலைக் கேட்கக் கூடியவர்கள் ஒவ்வொருவரும் தாமே உண்மையான வாரிசு என நம்பியிருந்தனர். எங்களைப் போன்ற பழைய ரசிகர்களின் நிலையும் அதுவே. தொண்ணூறுகளின் ஓபெத் தமக்கே எழுதிவைக்கப்பட்ட சொத்து என்று எண்ணுவோர், எட்டாவது பாடலை இன்னொரு முறை கேட்டுப் பார்க்கட்டும். அதைத் தாண்டிப்போகாமல் கேட்க முடிந்தால், அந்த நான்கு தொகுப்புகளையும் மறுபடி எடுத்துத் தூசி தட்டட்டும். நாங்கள் 'ஹெரிடேஜ்' தொகுப்பிலிருந்து தொடங்கியிருக்கிறோம். பதின்மூன்றாண்டுத் தாமதம்தான்.