சொல்லுங்க, சொல்லுங்க…

கொழும்பிலிருந்து இயங்கும் தமிழ்த் தனியார் வானொலிகளின் காலை நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். அங்கே 'சொல்லுங்க, சொல்லுங்க' என்றால், 'நான் பேசி முடிக்கும் வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள்' என்று பொருள்.

விடிந்ததும் ஓர் அறிவிப்பாளரும் ஓர் அறிவிப்பாளினியும் வந்து அமர்கிறார்கள். ஒருவர் எதைச் சொன்னாலும் மற்றவர் சிரிக்க வேண்டும் என்பது நியமனக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும் போலும். முதலில் பத்திரிகைகளுக்கு வருவார்கள். நாங்கள் நள்ளிரவு வரை விழித்திருந்து, ஒப்புநோக்கி, அச்சுக்கு அனுப்பிய பக்கங்கள் மூன்று நிமிடங்களில் வாசித்துத் தீர்க்கப்படும். இடையிடையே 'ஐயையோ, அப்படியா?' என்ற ஆழமான அரசியல் ஆய்வும் உண்டு. போகட்டும், ஒரு பிரதியாவது விற்பனையாகிறதே!

அடுத்து நேயர்களின் தொலைபேசி அழைப்புகள். எங்கிருந்து பேசுகிறீர்கள், சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், சம்பல் உறைப்பா? உணவுத் திணைக்களம்கூட இவ்வளவு விவரம் திரட்டியதில்லை. கடந்த மழைக்காலத்தில் ஒருநாள் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அழைத்திருந்தார்.

"வாவ், மஸ்கெலியா! செம குளிரா இருக்குமே!"

"குளிருதான் தம்பி. லயத்துக்கு மேல மண்ணு சரிஞ்சு…"

"சூப்பர்! இந்தப் பாட்ட யாருக்கு டெடிகேட் பண்றீங்க?"

சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு அந்த அம்மா, "ஏதாவது போடுங்க தம்பி" என்றார். போட்டார்கள். கல்யாண வீட்டுக் குத்துப்பாட்டு.

இதைப் பற்றி ஒரு வானொலி நண்பரிடம் கேட்டேன். இது வேகத்தின் காலம், கே.எஸ். ராஜாவும் வேகமாகத்தானே பேசினார் என்றார். ராஜா வேகமாகப் பேசியது உண்மை. ஆனால் அந்த வேகத்திலும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே காதில் விழுந்தது. மேலும் அவர் திரைப்படத்துக்கு விளம்பரம் செய்தார். மண்சரிவுக்கு 'சூப்பர்' போடவில்லை. அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்பதற்காகத் தமிழ்நாட்டில் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தொலைக்காட்சித் தமிழை இன்று நாம் கடன் வாங்கி ஒலிபரப்புகிறோம், அதுவும் இரண்டாந்தரமாக.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. போர்க்காலத்தில் அரச வானொலியின் செய்தி யாருடைய குரலாக ஒலித்தது என்பதை நாம் மறக்கவில்லை. அதனால்தான் லண்டன் பி.பி.சி.யின் தமிழோசைக்காக ஊரே காத்திருந்தது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய வானொலியைச் சுற்றி முழு வீடும் அமர்ந்து கேட்டது. கை சோர்ந்தால் குரல் மங்கும், அடுத்தவர் வந்து சுற்றுவார். அப்படிச் சுற்றியவர்களிடம் போய், 'இன்று என்ன ராசிக்கு என்ன நிறம்' என்று எவராவது சொல்லியிருந்தால் சைக்கிளோடு தூக்கியெறிந்திருப்பார்கள்.

அந்தத் தேவை போருடன் முடிந்துவிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது பாதைகள் அறுந்தன, மின்சாரம் நின்றது, கைத்தொலைபேசிகள் பல இடங்களில் ஊமையாயின. அப்படிப்பட்ட நாளில் பத்திரிகை மலையேறாது. வானொலி ஏறும். அதற்குப் பழக்கப்பட்ட வாயும், அதைவிட முக்கியமாகப் பழக்கப்பட்ட காதும் வேண்டும். ஆண்டு முழுவதும் நேயரின் பேச்சை வெட்டிப் பழகியவருக்கு ஆபத்து நாளில் மட்டும் திடீரென்று காது முளைத்துவிடுமா?

'தனியார் நிறுவனம், எங்கள் விருப்பம்' என்ற வாதமும் எடுபடாது. ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை 1997இல் ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் மட்டுப்படுத்தப்பட்டவை, அவை பொதுச்சொத்து என்று சொல்லியிருக்கிறது. மஸ்கெலியா அம்மாவுக்கும் அதில் பங்குண்டு. அவர் தன் பங்கில் ஒரு நிமிடத்தைத்தான் கேட்டார்.

ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகளை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. சொற்பச் சம்பளத்துக்கு விடியற்காலையில் எழுந்து வருகிறவர்கள் அவர்கள். 'கலகலப்பாக வைத்திரு, சோகம் வந்தால் வெட்டு' என்று பயிற்றுவித்தவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். கேட்டால், நேயர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்பார்கள். எந்த நேயர்? தன் விருப்பத்தைச் சொல்ல ஒருவர் அழைத்தால்தான் இணைப்பைத் துண்டித்துவிடுகிறீர்களே!

ஒரு சிறு யோசனை. இத்தகைய அழைப்பு வந்தால் பாட்டைப் போடுங்கள், குற்றமில்லை. ஆனால் பாட்டு ஓடும் நாலரை நிமிடத்துக்குள் அந்த அம்மாவின் இலக்கத்தைச் செய்திப் பிரிவிடம் கொடுங்கள். அந்தப் பிரிவு வேறு ஊரில் இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.