ப்ளாஷ் கேட்டால் கொடுக்காதீர்கள்

உங்கள் பிள்ளை கணனியில் ஏதோ ஒரு படம் பார்க்க முனைகிறது. "இதனைப் பார்க்க ப்ளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்" என்றோர் அறிவித்தல் திரையில் தோன்றுகிறது. அழுத்தலாமா, கூடாதா? விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

இணையத்தின் ஆரம்ப காலத்தில் உலாவிகளுக்கு எழுத்தையும் அசையாப் படத்தையும் காட்டத்தான் தெரியும். அசையும் படத்துக்கும் ஒலிக்கும் வேறொரு மென்பொருளை அவற்றுடன் சேர்க்க வேண்டியிருந்தது. பொத்தான் துளை தைக்கத் தையல் மெஷினில் தனியாக ஒரு பாதம் பூட்டுகிறோம் அல்லவா? அதுபோலத்தான். இதனைப் பிளக்-இன் என்பர். இவற்றுள் பெயர் பெற்றது ப்ளாஷ். கார்ட்டூன், விளையாட்டு, பாடம் எல்லாம் அதில் வந்தன. ஆரம்பகால யூடியூப்பும் அதில்தான் ஓடியது.

2007இல் வந்த ஐபோனில் ப்ளாஷுக்கு இடமளிக்கப்படவில்லை. அது பெட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பில் ஓட்டை உள்ளது, விரலால் தொடும் திரைக்குப் பொருந்தாது, ஒரே கம்பனியின் பிடியில் இருக்கிறது என்று அப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் 2010 ஏப்ரலில் பகிரங்கக் கடிதம் எழுதினார். எதைப் பாவிப்பது என்பது மக்களின் தெரிவு என்றது ப்ளாஷின் உரிமையாளரான அடோபி. இரு பக்கமும் நியாயம் இருந்தது. இரு பக்கமும் வியாபாரமும் இருந்தது.

முடிவு என்ன? 2011 நவம்பரில் கையடக்கத் தொலைபேசிகளுக்கான ப்ளாஷை மேம்படுத்துவதை நிறுத்துவதாக அடோபி அறிவித்தது. எச்.டி.எம்.எல்.5 முறை வந்தபின் உலாவியே வீடியோவைக் காட்டப் பழகிக்கொண்டது. 2020 டிசம்பர் 31உடன் ப்ளாஷுக்கான ஆதரவு முற்றாக முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ப்ளாஷ் பிளேயரே அதற்கான ஆக்கங்களை இயக்க மறுத்தது.

இதில் இழப்பும் உண்டு. உழைத்துச் செய்த எத்தனையோ பாடங்களும் விளையாட்டுகளும் திறக்க முடியாமற் போயின. ரஃபிள் என்னும் இலவச மென்பொருள் அவற்றுட் பலவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்து வருகிறது.

இப்போது விடைக்கு வருவோம். அடோபி ப்ளாஷ் பிளேயரைப் புதுப்பிப்பதில்லை. எனவே "புதுப்பியுங்கள்" என்று வரும் அழைப்பு பொய்யானது. அழுத்தினால் வீட்டுக் கணனிக்குள் வைரஸ் நுழையலாம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் களவு போகலாம்.

பழைய ப்ளாஷ் கணனியில் இன்னும் இருந்தால் அகற்றிவிடுங்கள். வீடியோ ஓடவில்லையென்றால் உலாவியை அதன் அமைப்புப் பக்கத்திலிருந்தே புதுப்பியுங்கள். பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிவையுங்கள்: திரை கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை.