கொட்டகையின் மறு ஜன்மம்

மனிதனுக்கு மறு ஜன்மம் உண்டா, இல்லையா என்பதை வேதாந்திகள் வாதாடித் தீர்த்துக் கொள்ளட்டும். சினிமாக் கொட்டகைகளுக்கு உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் அவை கல்யாண மண்டபங்களாகவும் அடுக்கு வீடுகளாகவும் பிறக்கின்றன. மிகுந்த புண்ணியம் செய்த கொட்டகை எங்கோ ஒன்று நாடக அரங்கமாகப் பிறக்கிறது.

லண்டனின் வடகிழக்குப் புறத்தில் வால்தம்ஸ்டோ என்று ஓர் ஊர். 1930-ம் வருஷம் அங்கே 'கிரனடா' என்ற கொட்டகை திறக்கப்பட்டது. சுமார் 2,700 பேர் உட்காரலாம். உள்ளே அலங்காரம் செய்தவர் கொமிஸார்ஜெவ்ஸ்கி என்ற ருஷ்ய நாடக நிபுணர். ஸ்பெயின் தேசத்துப் பழைய அரண்மனை ஒன்றைப் பெயர்த்து வந்து வைத்தாரோ என்று தோன்றும். 2003-ல் அது மூடப்பட்டது. ஒரு மத சபையார் அதை வாங்கிப் பிரார்த்தனைக் கூடமாக்க விரும்பினார்கள். ஊர் ஜனங்கள் விடவில்லை. மனுப் போட்டார்கள், கூட்டம் கூட்டினார்கள். வருஷக் கணக்கில் சலிக்காமல் போராடினார்கள். கடைசியில் 2019-ல் நகரசபையே கொட்டகையை வாங்கியது. 2025 மே மாதத்தில் சுமார் ஆயிரம் ஆசனங்களுடன் அது நாடக அரங்கமாகத் திறக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கொட்டகையில் திரைக்குப் பின்னால் மெய்யான மேடையே இருந்தது. படங்களுக்கு நடுவே ஆட்டமும் பாட்டும் நடப்பது வழக்கம். பேசாப் பட நாளில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் இடையிடையே நடனமும் குஸ்தியும் நடந்தன. பின்னால் வந்த கொட்டகைகளோ திரைக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்கு மட்டும் இடம் விட்டுச் சுவர் எழுப்பிவிட்டன. அத்தகைய இடத்தில் ராஜா பிரவேசிக்க வேண்டுமானால் சுவரைத் துளைத்துக் கொண்டுதான் வரவேண்டும்!

நம் தேசத்திலும் உதாரணம் இல்லாமலில்லை. பம்பாய் ராயல் ஆபரா ஹவுஸ் 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரால் திறந்து வைக்கப்பட்டது. நாடகத்துக்கென்று கட்டியதைப் பிற்பாடு சினிமா விழுங்கிற்று. 1993-ல் கதவடைத்து, 2016-ல் மறுபடி சங்கீதத்துடன் திறந்தது. சென்னை விக்டோரியா மண்டபத்தின் கதையும் ஏறக்குறைய அதுவே. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாஸ சபை நாடகமாடிய மேடையிலும் ஒரு காலத்தில் படம் ஓடியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளின் நிலைமையைப் பாருங்கள். சைக்கிள் முதல் டாங்கி வரையில் இங்கே செய்கிறார்கள். 1955-ல் காங்கிரஸ் மகாசபையே ஆவடியில் கூடிற்று. ஆனால் நல்ல நாடகம் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்து மயிலாப்பூர் போய்ச் சேரவேண்டும். பூந்தமல்லிக்காரர் பாடு இன்னும் கஷ்டமாக இருந்து வந்தது. நெடுங்காலம் ஊருக்குள் ரயில் நிலையமே இருந்ததில்லை. நாடகம் உச்சக் கட்டத்தை எட்டும்போது கதாநாயகியின் கண்ணீரைப் பார்ப்பதா, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதா? குழந்தைகளையும் வயோதிகர்களையும் அழைத்துப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகையால், இப்பக்கத்துப் பழைய கொட்டகை எதற்காவது பூட்டுப் போடும் நாள் வந்தால், கடப்பாறைக்காரர் வருவதற்கு முன் ஊரார் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தரை ஏற்கெனவே சரிவாயிருக்கும். பின்வரிசைக்காரருக்கும் மேடை தெரியும். படம் ஓட்டும் அறையில் விளக்குகளை அமைக்கலாம். திரைக்குப் பின்னால் எத்தனை அடி இருக்கிறது, பக்கவாட்டில் நடிகர்கள் காத்து நிற்க இடம் உண்டா, வேஷம் போட ஓர் அறை எடுக்க முடியுமா என்பவற்றை அளந்து கொண்டு, நேரே உள்ளாட்சிக் கமிஷனரிடம் மனுவோடு போகலாம். வால்தம்ஸ்டோ கொட்டகை மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. நாம் இன்னும் மனுவே எழுதவில்லை.